வன்னியிலிருந்து வானொலிக்கு அழைத்துப் பேசியவர்கள் சொல்லுங்கள்

விசுவமடு வாசி

நேயர்கள் தொலைபேசியில் வந்து நாட்டு நடப்பையும் பண்பாட்டையும் பற்றிக் கதைக்கிற வானொலி நிகழ்ச்சிகளை எங்கள் பக்கம் இன்னும் விடாமல் கேட்கிறார்கள். வயலில், தேநீர்க் கடையில், ஓட்டோவில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில். கேட்கிறவர்கள் நிறைய, எடுத்துப் பேசியவர்கள் குறைவு. பேசியவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதைச் சொல்லித் தொடக்கிவைக்கிறேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த காலம். மே மாதம் தடை வந்தது. காலபோக, அதாவது மாரி நெல், விதைப்பு நெருங்க நெருங்க இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஒருநாள் காலை நிகழ்ச்சியில், சேதனப் பசளைக்கு மாற விவசாயிகள் தயாரா என்று தலைப்புப் போட்டார்கள். எடுத்தேன்.

முதலில் எடுக்கிறவர் அறிவிப்பாளர் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு பிள்ளை பெயர், ஊர், என்ன சொல்லப் போகிறோம் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். "ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு லைனில நில்லுங்கோ ஐயா" என்பார். அப்படி நிற்கிற நேரம்தான் பெரிய சோதனை. போனில் காசு கரைந்துகொண்டிருக்கும். நமக்கு முன்னால் பேசுகிறவர், நாம் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். என் மனைவிக்கு நான் பேசுவதைக் கேட்க வேண்டும். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அறிவிப்பாளர் கேட்டார்: "இயற்கை உரம் நல்லதுதானே ஐயா?"

"நல்லதுதான் தம்பி, ஆர் இல்லையெண்டது? ஆனா ஏக்கர் கணக்குக்குப் போட மாட்டெரு வேணும். மாட்டுக்கு எங்க போறது? 2009இல பட்டி பட்டியா அவிட்டு விட்டிட்டு ஓடின சனம் நாங்கள். திரும்பி வரேக்க ஒரு கண்டுக்குட்டிகூட இல்லை. இப்ப இருக்கிறதுகள் அதுக்குப் பிறகு வாங்கி வளர்த்தது."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தம் இல்லை. பிறகு "நன்றி ஐயா, அடுத்த நேயரிடம் செல்வோம்" என்றார். அடுத்த நேயர் கொழும்பில் மாடிவீட்டுக்காரர். பூச்சாடியில் மிளகாய் வளர்த்த கதையைச் சொன்னார், பாவம், நல்ல மனிதர். தடையை நவம்பரில் நீக்கினார்கள். அந்தப் போகத்துக்கு அது பிந்திவிட்டது.

குளக்கட்டு

வானொலியில் பேசுவது எங்கள் ஆட்களுக்குப் பிந்தி வந்த பழக்கம் தம்பி. முன்பு கேட்பது மட்டும்தான். அதுவும் லேசில் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி உள்ளே வரத் தடை. ஆகவே சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒரு பொடியன் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவான். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் அமுங்கிவிடும். உசார் கூடினால் ரேடியோ கருகிவிடும் என்று பெரியவர்கள் ஏசுவார்கள். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அதைவிட்டால் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணி. செய்தி முடிந்ததும் சக்கரம் நின்றுவிடும், அப்புறம்தான் கதை தொடங்கும். "அவன் சொன்னது அதில்லை, உள்ளர்த்தம் வேற" என்று விளக்க ஒருவர், அவரை மறுக்க ஒருவர், இரண்டு பேருக்கும் தலையாட்ட மிச்சப் பேர். எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாத காலமும் அதுதான். வட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வாய் திறப்போம். அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மரண அறிவித்தல் கேட்பது தனி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் அது போகும்போது வீட்டில் ஒருவரும் மூச்சுக் காட்டக் கூடாது. பாதை பூட்டியிருந்த நாட்களில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ செத்துப்போன சொந்தக்காரரை அப்படித்தான் அறிந்தோம். சில நேரம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு.

2002இல் வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான் நான் முதன்முதலாகப் பேசினேன். வவுனியாவில் ஒரு கொமினிக்கேஷன் கடை, காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கிற இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு, மீட்டர் ஓட ஓட. கொழும்புத் தனியார் எஃப்.எம். ஒன்றில், சமாதானம் நிலைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?" என்றார் அறிவிப்பாளர். வன்னி என்பதா வவுனியா என்பதா என்று ஒரு கணம் தடுமாறி, வவுனியா என்றேன். நின்றது அங்கேதானே. நிலைக்க வேண்டும் என்று சொன்னேன். நிலைக்கும் என்று சொல்லச் சொல்லி அவர் இரண்டுதரம் கேட்டார், நான் சொல்லவில்லை. வெளியே வந்தால் கடைக்காரர், "ஐயா, நீங்கள் கதைச்சதை இஞ்ச எல்லாரும் கேட்டவை" என்கிறார். மேசைக்குக் கீழே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்துவிட்டு நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டு. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரல் நிலையத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, அங்கே வேலை செய்தவர்களும் செத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது. இப்போது கையில் போன் இருக்கிறது, விரும்பிய நேரம் எடுக்கலாம். பேசுவதற்கு முன் வட்டத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு விட்டுப்போகவில்லை.

முள்ளியவளை அக்கா

அரசியல் நிகழ்ச்சிகளுக்கு நான் எடுப்பதில்லை. அங்கே வருகிற ஆட்களில் பாதிப்பேர் காலைப் பேப்பரைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். பொங்கல், கூத்து, சமையல் என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், அவரவர் வீட்டுக் கதை வரும். அதற்குள் காணி இருக்கும், கடல் இருக்கும், காணாமல்போன பிள்ளை இருக்கும். நாட்டு நடப்பு வேண்டுமென்றால் நான் பண்பாட்டு நிகழ்ச்சியைத்தான் கேட்பேன்.

ஒருமுறை பழைய சாப்பாடுகளைப் பற்றிய நிகழ்ச்சி. கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து ஒடியல் கூழ் வைக்கிற முறையை ஆறுதலாகச் சொன்னார். ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும், நண்டு எப்போது போட வேண்டும், புளி எப்போது விட வேண்டும் என்று. "கடைசியா எப்ப அம்மா வைச்சனீங்கள்?" என்று அறிவிப்பாளர் விளையாட்டாகக் கேட்டார். "மகனைக் குடுத்ததுக்குப் பிறகு வைக்கேல்லைத் தம்பி" என்றார். கந்தசுவாமி கோயிலடிக்குப் போய் இருக்கிறேன், அங்கே சமைக்க நேரம் எங்கே என்றும் சொன்னார். தெரியாதவர்களுக்கு: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று அந்தக் கோயிலடியில்தான் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அறிவிப்பாளர் உடனே பாட்டைப் போட்டுவிட்டார். அவரிலும் குற்றம் சொல்ல முடியாது, அந்த இடத்தில் வாய் வராது.

என் கதைக்கு வருகிறேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குச் சற்று முன்பு, ஒரு வானொலியில் 'அழிந்துவரும் எமது கலைகள்' என்று தலைப்பு. தலைப்பைக் கேட்டதுமே எனக்குக் கோபம். கேட்பதற்கு முன்பே அழிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்களே! லைன் கிடைத்ததும், எங்கள் ஊரில் நடப்பதைச் சொன்னேன். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலுக்கு முந்திய கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு அது வற்றாப்பளைக்குப் போகும், திங்கட்கிழமை பொங்கல். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடல் கரையில் கிழவியாக இருந்தபோது, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று மாடு மேய்த்த சிறுவர்கள் சொல்ல, கடல்நீரை விட்டு எரிக்கச் சொன்னாள் என்பது கதை. அந்த அம்மனின் கதையைத்தான் கோவலன் கூத்தாக ஆடுகிறோம், முல்லை மோடி என்கிற எங்கள் முல்லைத்தீவுப் பாணியில், விடிய விடிய.

"அப்படியென்றால் இளைஞர்கள் ஏன் பழக வருவதில்லை? கைத்தொலைபேசிதானே காரணம்?" என்றார். இந்தக் கேள்வியை எல்லா வானொலிக்காரரும் எங்கோ ஒன்றாகப் பாடமாக்கியிருக்கிறார்கள் போல.

"போன் இல்லைத் தம்பி. கூத்துப் பழக்கம் மாதக்கணக்கில இரவில நடக்கும். இரவில முழிச்சவன் அடுத்தநாள் மேசன் வேலைக்கு என்னெண்டு போறது? அந்தக் கூலிக்காசை ஆர் குடுக்கிறது?" என்றேன். எங்கள் ஒழுங்கையில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி, 2009இல் கடைசிச் சண்டை நடந்த மாத்தளனோடு போனதையும், அவர் திரும்பி வந்து நினைவில் இருந்ததை எல்லாம் பேரப்பிள்ளைக்குச் சொல்லி எழுதுவித்ததையும் சொன்னேன். அவரே இரவில் படுத்திருந்து ஒரு அடியைப் பாடிப் பார்ப்பார், பிடிபட்டால் பிள்ளையை எழுப்பிவிடுவார். பிள்ளை நித்திரைக் கலக்கத்தில் எழுதிய பக்கங்களில் எழுத்து வரியை விட்டு மேலே ஏறிப் போயிருக்கும். நான் அந்தக் கொப்பியைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கனடாவிலிருந்து ஒருவர். தீர்த்தம் நந்திக்கடலில் எடுப்பது என்று என்னைத் திருத்தினார். அவருக்கு நடுச்சாமமாம், நித்திரை முழித்து ஊர்க்கதை கேட்கிற மனிதரோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டேன். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர் விடவில்லை. கரையோரத்துக் கடற்றொழிலாளி. "அந்த அக்கா சொன்னதுதான் சரி, தீர்த்தம் எங்கட கரையிலதான் எடுக்கிறது" என்று தொடங்கி, அதே கரைக்கு முன்னால் இரவில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறார்கள், சுருக்குவலை போடுகிறார்கள், சின்னத் தொழில் செய்கிறவனுக்குக் குஞ்சு மீன்கூட மிஞ்சவில்லை என்று கொட்டித் தீர்த்தார்.

"அண்ணை, இது பண்பாட்டு நிகழ்ச்சி" என்றார் அறிவிப்பாளர்.

"தீர்த்தம் எடுக்கிற கடலைத்தானே தம்பி நானும் சொல்லுறன்" என்றார் அவர்.

லைன் அறுந்தது. அறுந்ததா, அறுத்ததா தெரியாது.

ஊரியான் தம்பி

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசியல் நிகழ்ச்சியிலும் வீட்டுக்கதை வரும், தலைப்பில் தண்ணீர் இருந்தால்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா என்ற சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஒரு மாலை நிகழ்ச்சியில் இரண்டு லைனை ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். ஒரு பக்கம் யாழ்ப்பாணத்து ஆசிரியர், மறுபக்கம் என் அப்பா. "கடலுக்கு ஓடுற தண்ணியைத்தானே கேக்கிறம்" என்றார் ஆசிரியர். "மாரியில ஓடுறதைக் கண்டிட்டுச் சொல்லுறியள் சேர். கோடையில சிறுபோகத்துக்கு வந்து பாருங்கோ, இருக்கிற தண்ணிக்குக் கூட்டம் வைச்சு, உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு எண்டு காணியைக் குறைச்சுத்தான் விதைக்கிறம்" என்றார் அப்பா. பிறகு ஆசிரியர் தங்கள் ஊர்க் கிணறு உவர்த்துப்போனதைச் சொன்னார், மனைவி தண்ணீர் பவுசருக்கு வாளி வைத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னார். அப்பாவின் குரல் தணிந்துவிட்டது. "குடிக்கக் கேட்டா இல்லையெண்ண ஏலாதுதான்" என்றார். அதே மூச்சில், "ஆனா எங்களைக் கேக்காமல் குழாய் போடக் கூடாது" என்றும் சொன்னார். அந்த ஆசிரியர், நிகழ்ச்சி முடிந்ததும் இந்த ஐயாவின் நம்பரைத் தருவீர்களா என்று கேட்டார். தர முடியாது என்றுவிட்டார்கள். பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டினார்கள், தெரியும்தானே. 2018 டிசம்பரில் வெள்ளம் வந்து இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது அப்பா, "அந்த வாத்தியார் இப்ப எடுத்தால் நல்லா இருக்கும்" என்றார்.

எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வணக்கம், உங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறேன், உங்கள் குரல் இனிமை என்றெல்லாம் தொடங்காதீர்கள். உங்களுக்குத் தருகிற நேரம் அதோடு சரி. முதல் வசனத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பிறகு லைன் அறுந்தாலும் பரவாயில்லை. போனில் காசு போட்டுக்கொண்டு, சிக்னல் பிடிக்கிற இடத்தில் நில்லுங்கள்.

முள்ளியவளை அக்கா

சரி தம்பி, தண்ணீருக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நாளைக்குக் காலை யானைத் தொல்லைதான் தலைப்பாம், இப்போது விளம்பரம் போனது. ஒதியமலை, நெடுங்கேணிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால் எடுங்கள். மின்வேலி போட்டுவிட்டார்கள், இனிப் பிரச்சினை இல்லை என்று ஒரு அதிகாரி வந்து சொல்வார். போட்ட வேலியில் பற்றரி வேலை செய்கிறதா, பற்றையை யார் வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எனக்கு லைன் கிடைத்தால் நானே கேட்பேன்.