தனேயெவ்: வாத்தியார் மட்டும்தானா?

பியானோ மாணவி:
கான்ட்ராபாயின்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து எழுதும் கலை) படிக்க ஆரம்பித்ததிலிருந்து செர்கேய் தனேயெவ் என்ற ரஷ்ய இசையமைப்பாளரின் பெயர் போகிற இடமெல்லாம் எதிரே வருகிறது. சைக்கோவ்ஸ்கியின் மாணவர், ராக்மனினோவின் ஆசிரியர், ஸ்க்ரியாபினின் ஆசிரியர் என்று எப்போதும் இன்னொருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறார். அவரே எழுதிய இசையைப் பற்றி யாரும் பேசக் காணோம். நான்காவது சிம்பொனியைக் கேட்டுப் பார்த்தேன். உறுதியாகக் கட்டியிருக்கிறார் என்பது புரிகிறது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. மூளையால் மட்டும் எழுதியவர் என்கிறார்களே, அது சரிதானா? இல்லையென்றால் எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

செல்லோ சார்:
பாதி சரி. அந்தப் பாதியையும் தப்பான இடத்தில் சொல்கிறார்கள்.

அவர் வேலை செய்த விதம் விசித்திரமானது. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்சகோவ் தன் நினைவுக்குறிப்பில் இதை வியந்து எழுதியிருக்கிறார். ஒரு படைப்பைத் தொடங்குவதற்கு முன்பே அதில் வரப்போகும் கருப்பொருள்களை வைத்து ஃபியூக், கேனன் என்று (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் வடிவங்கள்) பயிற்சிகளாக எழுதித் தள்ளுவாராம். எந்த மெட்டு எதோடு சேரும், தலைகீழாகத் திருப்பினால் என்ன ஆகும் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான எழுத்து தொடங்கும். இதைக் கேட்டதும் 'சரி, கணக்கு வாத்தியார்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அத்தனை தயாரிப்பும் எதற்காக என்று கடைசிப் பக்கங்களைக் கேட்டால்தான் தெரியும். தனேயெவ் சேமித்து வைத்துச் செலவழிக்கிறவர். முதல் மூவ்மென்டில் (படைப்பின் தனிப் பகுதி) அடக்கமாக வந்துபோன ஒரு மெட்டு, கடைசி மூவ்மென்டின் முடிவில் முழு உருவத்தோடு வந்து நிற்கும். நடுவில் எழுந்து போய்விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அதனால் சிம்பொனியை இப்போதைக்கு விடுங்கள். ஜி மைனர் பியானோ குவின்டெட் (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும்), ஓபஸ் 30, 1911. அதிலும் மூன்றாவது மூவ்மென்டிலிருந்து தொடங்குங்கள், லார்கோ. எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஓங்கி ஒரு வரியை அறிவிக்கும். வரி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சி மேஜர் ஸ்கேல் மேலிருந்து கீழே இறங்குகிறது. நம் வழக்கில் சொன்னால் கிட்டத்தட்ட சங்கராபரணத்தின் அவரோகணம். பிறகு அதே வரி செல்லோவுக்கு வந்துவிடும். அதன் மேல்தான் முழு மூவ்மென்டும் எழுகிறது, அடியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பாசகாலியா வடிவம்.

எங்கள் சிறு குழுவில் செல்லோ வாசிப்பவன் நான். ஒத்திகையில் திரும்பத் திரும்ப அதே இறங்குவரிசையைத்தான் இழுத்துக்கொண்டிருப்பேன். சலிக்குமே என்று கேட்பார்கள். சலிக்காது. கீழே நான் அசையாமல் நிற்பதால்தான் மேலே வயலின்கள் அவ்வளவு தூரம் போக முடிகிறது என்பது வாசிக்கும்போது கையிலேயே தெரியும். மூளையால் மட்டும் எழுதியவருக்கு இது வராது.

ஒலிப்பதிவு வேண்டுமென்றால் 2005இல் வந்ததைத் தேடுங்கள். பியானோ ப்ளெட்னெவ், வயலின் ரெபின், செல்லோ லின் ஹாரெல்.

வாசகன்:
டால்ஸ்டாய் மனைவி விவகாரத்தில் சிக்கியவர் இவர்தானே? 'க்ரூட்சர் சொனாட்டா' கதையை டால்ஸ்டாய் எழுதியதே இவர் மேல் இருந்த பொறாமையில்தான் என்று படித்த நினைவு.

செல்லோ சார்:
வருஷத்தைப் பாருங்கள் நண்பரே. அந்தக் கதை 1889இல் எழுதி முடிந்துவிட்டது. சோஃபியா டால்ஸ்டாயின் கடைசி மகன் வானெச்கா இறந்தது 1895 பிப்ரவரியில், ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அந்தத் துக்கத்தில்தான் அவர் தனேயெவின் பியானோவைப் பிடித்துக்கொண்டார். 1895, 1896 கோடைகளில் தனேயெவ் டால்ஸ்டாயின் பண்ணை வீடான யாஸ்னயா பொல்யானாவில் தங்கினார். டால்ஸ்டாயோடு செஸ் ஆடினார், மாலையில் பியானோ வாசித்தார். டால்ஸ்டாய்க்கு எரிச்சல், பொறாமை எல்லாம் இருந்தது உண்மை. தனேயெவுக்கோ இதெல்லாம் நடக்கிறது என்பதே பெரும்பாலும் உறைக்கவில்லை.

மனிதர் அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாஸ்கோவில் ஒரு சின்ன வீடு, சிறுவயதிலிருந்து வளர்த்த பெலகேயா வாசிலியெவ்னா என்ற ஆயாதான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். கச்சேரியில் கிடைத்த லாரல் மாலையின் இலைகளை அந்த அம்மாள் சமையலுக்கு எடுத்துக்கொள்வாராம். இலை தீர்ந்துபோனதும் 'இன்னொரு கச்சேரி வாசிக்கக்கூடாதா' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. எஸ்பெரான்டோவில் வேறு டைரி எழுதினார். இப்படிப்பட்டவரைக் காதல் கதையின் நாயகனாக்குவது கஷ்டம்.

பியானோ மாணவி:
நன்றி சார், லார்கோவை இன்று இரவே கேட்கிறேன். அவர் எழுதிய கான்ட்ராபாயின்ட் புத்தகத்தில் அல்ஜீப்ரா இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? அப்புறம், வகுப்பில் எப்படிப்பட்டவர்?

செல்லோ சார்:
1909இல் வெளிவந்த புத்தகம், சுமார் இருபது வருஷ உழைப்பு. அல்ஜீப்ரா என்று பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். வழக்கமாக ஒரே சுரத்தில் இரண்டு குரலும் நின்றால் அந்த இடைவெளியை 1 என்று எண்ணுகிறோம், மூன்றாம் சுரம்வரை போனால் தேர்ட் 3, ஆறாம் சுரம்வரை சிக்ஸ்த் 6. அவர் அந்த 1ஐ 0 ஆக்கினார். அப்போது தேர்ட் 2, சிக்ஸ்த் 5, ஆக்டேவ் 7. இரண்டு குரல்களை ஆக்டேவில் இடம் மாற்ற 7ஐக் கழித்தால் போதும். 2 கழித்தல் 7, மைனஸ் 5. மைனஸ் என்றால் குரல்கள் இடம் மாறிவிட்டன, 5 என்றால் சிக்ஸ்த். தேர்டைத் திருப்பினால் சிக்ஸ்த் என்று நீங்கள் மனப்பாடம் செய்தது கணக்காகவே வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஆக்டேவுக்குப் பதில் டென்த், ட்வெல்ஃப்த் என்று எதற்கும் இதே வழிதான். உங்கள் பயிற்சி நோட்டில் ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள்.

வகுப்பைப் பற்றி ராக்மனினோவ் பின்னாளில் சொன்ன கதை ஒன்று போதும். பயிற்சி எழுதாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாராம். தனேயெவ் திட்டவில்லை. தன் வீட்டுச் சமையல்காரியிடம் ஒரு கருப்பொருள் எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினார், எழுதி வாங்காமல் திரும்பக்கூடாது என்ற உத்தரவோடு. அந்தப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்ய முடியும்? எழுதித்தான் ஆக வேண்டும்.

தன் வாத்தியாரிடமும் அதே நேர்மைதான். 1875 டிசம்பரில், பத்தொன்பது வயதில், சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தவர் இவர். நடத்தியது நிகோலாய் ரூபின்ஸ்டைன், ஒரு வருஷம் முன்னால் அதே படைப்பைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே ரூபின்ஸ்டைன்! அப்படி நெருக்கமான மாணவர், சைக்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி வந்தபோது, சில இடங்கள் பாலே இசை போல இருக்கின்றன என்று கடிதத்தில் எழுதிவிட்டார். வாத்தியாருக்கு வலித்தது. ஆனாலும் புதிதாக எழுதியதை இவரிடம் காட்டுவதை நிறுத்தவில்லை.

1885இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் இயக்குநர் ஆனபோது வயது 28தான். நான்கு வருஷத்தில் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் பாடம் நடத்தத் திரும்பினார். 1905இல் மாணவர்களை நிர்வாகம் நடத்திய விதம் பிடிக்காமல் வேலையையே விட்டார். திரும்ப அழைத்தும் போகவில்லை. பிறகு தனியாகச் சொல்லிக்கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

பியானோ மாணவி:
லார்கோ கேட்டேன். இரண்டாவது தடவை செல்லோவை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கியது. அடுத்தது என்ன?

செல்லோ சார்:
இனி குவின்டெட்டை முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அப்புறம் 'டமாஸ்கஸின் யோவான்', ஓபஸ் 1, 1884. நிகோலாய் ரூபின்ஸ்டைனின் நினைவுக்கு எழுதிய கான்டாட்டா (பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த படைப்பு). வரிகள் டால்ஸ்டாயுடையவை, ஆனால் அலெக்சேய் டால்ஸ்டாய், இவர் வேறு. வாசகன் நண்பர் கவனிக்கவும். இறந்தவர்களுக்காக ரஷ்ய தேவாலயத்தில் பாடும் பழைய மெட்டை ஆர்க்கெஸ்ட்ராவில் தொடக்கத்திலேயே கேட்பீர்கள்.

'ஓரெஸ்தேயா' ஓபெராவை அவசரமாகத் தொட வேண்டாம், நீளம். 1895இல் பீட்டர்ஸ்பர்கின் மரீன்ஸ்கி அரங்கில் மேடையேறியபோது வெட்டிச் சுருக்கச் சொன்னார்கள், இவர் மசியவில்லை, அதோடு மேடையிலிருந்து இறங்கிவிட்டது. அதிலிருந்து டெல்ஃபி கோயில் இடைநிலை இசையை மட்டும் தனியாகக் கேளுங்கள். அதன் பிறகு நான்காவது சிம்பொனிக்குப் போங்கள். முதல் மூவ்மென்டின் இரண்டாவது மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குப் பழக்கிக்கொண்டு, கடைசி மூவ்மென்டின் முடிவுக்காகக் காத்திருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் இங்கே வந்து சண்டை போடலாம்.