புதுப்பிப்பு: அலுவலகத்தில் மின்கழிவுப் பெட்டி

ஊழியர்கள் வீட்டில் கிடக்கும் பழைய போன், சார்ஜர்களைச் சேகரிக்க அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம்.

முதலில் கேபிளும் மவுஸும்தான் விழுந்தன. போன் ஒன்றுகூட வரவில்லை. விசாரித்தால் எல்லோருக்கும் ஒரே பயம்: உள்ளே இருக்கும் போட்டோவும் வங்கி விவரமும் யார் கைக்குப் போகுமோ! அதனால் ஐடி பிரிவுத் தம்பி ஒருவர் மதிய இடைவேளையில் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, உரியவர் கண்முன்னே ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் கொடுத்தார். அப்புறம்தான் போன்கள் வரத் தொடங்கின. எத்தனை சுற்றறிக்கை அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்காது.

உப்பிய பேட்டரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். நாங்கள் அதற்கென மணல் போட்ட இரும்பு வாளி வைத்திருக்கிறோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் கொடுக்கிறோம். எடைக்குப் போட்டால் கூடுதல் காசு கிடைக்கலாம், சரி. ஆனால் அது கைமாறிப் போகும் இடங்களில் செம்புக்காக வயரை எரிக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கும் தொழிலாளிதான்.

அடுத்து பழைய டியூப்லைட்டையும் வாங்கப் போகிறோம். உள்ளே பாதரசம் இருப்பதால் உடையாமல் அட்டை உறையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.