புதுப்பிப்பு: இரும்புக் குழாய்க்குப் பிளாஸ்டிக் பூச்சு

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க் கடற்கரையோரம் மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாய் கறள் பிடிக்காமலிருக்க எந்தப் பூச்சு நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று அடுக்குப் பூச்சுள்ள குழாயைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம்: அடியில் எப்பொக்சி என்ற பிசின், நடுவில் ஒட்டும் படை, மேலே பொலித்தீன்.

குழாயில் சோலி இல்லை, கவனம் முழுக்க மூட்டுகளில்தான். வெல்டிங்குக்காக முனைகளைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். உப்புக்காற்றில் அந்த இடம் கெதியாகச் சிவந்துவிடும். அதனால் வெல்டிங் ஆறியதும் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்துச் சுத்தமாக்கி, அன்றைக்கே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டோம். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடுகாட்டினால்தான் உள்ளே காற்றுச் சிக்காது. ஓரத்தில் பசை பிதுங்கி வரவேண்டும்.

அப்புறம் மின்பொறிச் சோதனை: உயர் மின்னழுத்தக் கருவியைப் பூச்சின்மேல் ஓட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் பொறி பறக்கும். ஒரு மூட்டில் ‘சட்’ என்று நீலப்பொறி, ஊசித்துளை! உரித்துத் திரும்பப் போட்டாச்சு. குழியை மூடும்போது சுண்ணாம்புக்கல் குத்தினால் பூச்சுக் கிழியும். குழாயைச் சுற்றிச் சல்லடையில் அரித்த மணலே போடுங்கள்.