புதுப்பிப்பு: கட்டைவிரலும் கழுதுருட்டிப் பாலமும்

இரண்டு மாதத்துக்கு முன்னால் புலம்பியிருந்தேனே, காலையில் வலது கட்டைவிரலை மடக்கினால் 'டக்'கென்று சிக்கிக்கொள்கிறது, ஊசியா கத்தியா என்று? ஸ்டீராய்டு ஊசி மூன்று வாரம் தாங்கியது. போன செவ்வாய்க்கிழமை கத்திதான்.

விரலை மடக்கும் தசைநாண் ஓடுகிற உறையின் வாயில் ஒரு வளையம் உண்டு. அது தடித்து இறுகினால் நாண் சிக்கும். வளையத்தைக் கீறிவிட்டால் தாராளமாக ஓடும், அவ்வளவுதான். செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கேரளத்துப் புனலூர் போய்ச் செய்துகொண்டேன். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் உயிரை வாங்கியது. மற்றபடி பதினைந்து நிமிஷம். நடுவிலேயே டாக்டர் "வேதனை உண்டோ?" என்று கேட்டு, மடக்கி நீட்டச் சொன்னார். சிக்கவில்லை. மேஜையில் படுத்தபடியே சிரித்துவிட்டேன்.

இனி வேலை. 1904இல் எங்கள் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ரயில் வந்த கதையைப் படக்கதையாக எழுதுகிறேன், 48 பக்கம். 31 பக்கத்துக்கு வசனம் முடிந்தது. அந்தப் பாதையில் பதிமூன்று வளைவுகளோடு நிற்கும் கழுதுருட்டி ரயில் பாலத்துக்கு மட்டும் இரண்டு முழுப்பக்கம் கேட்டிருக்கிறேன், ஓவியர் முனகுகிறார். கட்டுப்போட்ட கையோடு, நான் பேசப் பேசப் போனே எழுத்தாக்கும்படி விட்டதில் 'குகைக்குள் புகை' என்பது 'குகைக்குள் நகை' ஆகிவிட்டது. மனுஷர் ஒரு வார்த்தை கேட்காமல் நகைப்பெட்டியே வரைந்து அனுப்பிவிட்டார். பென்சிலில்தான், ஆனால் பிரமாதம். இப்போது அந்தப் பெட்டியை எடுக்க மனசு வரவில்லை.

தையல் அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். அதுவரை பார்டர் ரொட்டியை (எங்கள் எல்லைப்பக்கத்துப் பரோட்டா) இடதுகையால் பிய்க்கிறேன். கடை அண்ணாச்சி முறைக்கிறார்.