ஜப்பானில் மொழிப்பள்ளி: பகுதிநேர வேலையை நம்பி டோக்கியோ செல்லலாமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் பி.காம். முடித்துவிட்டு, சென்னையில் நடந்த ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்4 நிலையில் (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது; எண் குறையக் குறைய நிலை உயரும்) தேர்ச்சி பெற்றிருக்கிறேன். வரும் ஏப்ரல் பருவத்தில் டோக்கியோவிலுள்ள ஒரு மொழிப்பள்ளியில் சேர முகவர் ஒருவர் வழியாக விண்ணப்பித்து வருகிறேன். முதலாண்டுக் கட்டணம் ஏறத்தாழ எட்டு லட்சம் யென் ஆகும். அதை மட்டும் கடன் வாங்கிக் கட்டினால் போதும், இரண்டாமாண்டுக் கட்டணம், வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்ப வேண்டிய கடன் தவணை ஆகிய எல்லாவற்றையும் பகுதிநேர வேலையிலேயே சமாளித்துவிடலாம் என்று முகவர் உறுதியாகச் சொல்கிறார். அங்கே படித்தவர்கள் இது நடக்கக்கூடியதா என்று விளக்கினால் உதவியாக இருக்கும். நான் சைவம். அம்மாவின் முதல் கவலையே அதுதான் என்பதால் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்கிறேன்.

கீழைக்காற்று:

தம்பிக்கு வணக்கம். நான் டோக்கியோவில் மொழிப்பள்ளியில் படித்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறேன். முகவர் சொல்வது நடக்காது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

மாணவர் விசாவில் வருபவர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும். புதிதாக வருபவர்கள் விமான நிலையத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி குடியிருப்பு அட்டையின் பின்புறம் பதிவாகும். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் எல்லை. எந்தக் கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் அடுத்தடுத்த ஏழு நாட்களில் 28 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். டோக்கியோவில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். நான்கு வாரமும் முழுமையாக உழைத்தால் ஏறக்குறைய 1,37,000 யென் வரும். இருவர் தங்கும் விடுதி அறைக்கு 40,000, சாப்பாட்டுக்கு 30,000, தொலைபேசி, ரயில், காப்பீடு, மின்சாரம் எல்லாம் சேர்த்து 20,000 என்று சிக்கனமாகவே வைத்தாலும் கையில் நிற்பது 47,000 யென். இரண்டாமாண்டுக் கட்டணம் ஏழு லட்சம் என்றால் அதற்கே மாதம் 58,000 எடுத்துவைக்க வேண்டும். இதில் கடன் தவணைக்கு எங்கே இடம்? நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை அனுமதி உண்டு. அப்போதும் தொழிலாளர் சட்டத்தின் வாரம் 40 மணி நேர வரம்பு பொருந்தும் என்பதால், அந்தக் கூடுதல் வருமானம் பள்ளத்தை ஓரளவுதான் நிரப்பும்.

இந்தக் கணக்கும் முதல் நாளிலிருந்தே வேலை கிடைக்கும் என்ற கற்பனையில் போட்டது. உண்மையில், தங்குமிடம் முடிவானதும் 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் கைகூடும். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல வங்கிகள் எளிதில் கணக்குத் தருவதில்லை; அதனால் பெரும்பாலான மாணவர்கள் அஞ்சல் வங்கிக்கே போகிறார்கள். எனவே முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நகராட்சிக்குப் போகும் அன்றே தேசிய நலக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட வேண்டும். மருத்துவச் செலவில் முப்பது விழுக்காடு மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். வருமானம் இல்லை என்று அறிவித்தால் சந்தாவும் குறையும். இருபது வயது கடந்தவர் என்பதால் தேசிய ஓய்வூதியச் சந்தா கட்டச் சொல்லும் கடிதமும் வீடு தேடி வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாமல் விலக்குக் கோரி விண்ணப்பியுங்கள்.

சாப்பாடு. தம்பி, இங்கே காய்கறிக் குழம்பைப் போலத் தெரிவது சைவமாக இருப்பது அரிது. மிசோ சூப், உடோன் என்னும் தடித்த நூடுல்ஸ், வேகவைத்த பூசணிக்காய் என எல்லாவற்றுக்கும் அடிப்படையான தாஷி சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீன் சீவலில் எடுக்கப்படுவது; நம் கடலோரத்து மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. கடைகளில் விற்கும் கறிச் சோற்றுக்கான கட்டிகளில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுக் கொழுப்பு இருக்கும். அவசரத்துக்குப் பன்னாட்டு மாணவர்கள் எல்லோரும் நம்பும் சோற்று உருண்டையில் உப்பிட்ட உமே காய் வைத்தது, கொம்பு கடற்பாசி வைத்தது என்று இரு வகைகள் மீனில்லாதவையாகத் தோன்றினாலும், பொட்டலத்தின் பின்புறத்தை வாசித்துவிட்டு வாங்குவதே நல்லது. ஆகவே சமைக்கத் தெரிந்துகொண்டு வாருங்கள். டோக்கியோவின் எதொகவா வட்டாரத்திலுள்ள நிஷிகசாயில், 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள் குடியேறியதிலிருந்து இந்தியக் கடைகள் நிலைத்துவிட்டன. துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். ஷின்-ஒகுபோவிலும் மசாலாக் கடைகள் உண்டு. அம்மாவிடம் ஒரு சிறிய குக்கர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விடுதியில் அடுப்பு வாயுவா மின்சாரமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பனிமுகில்:

மேலே அண்ணன் சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் டோக்கியோதான் என்று ஏன் முடிவு செய்ய வேண்டும்? நான் ஃபுகுவோகாவில் படித்தேன். கூலி டோக்கியோவைவிடக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் வாடகை அதைவிட அதிகமாகக் குறைகிறது. ஊர் சமதளமாக இருப்பதால் மிதிவண்டியிலேயே பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடலாம். மிதிவண்டியைத் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும், இரவில் காவலர்கள் நிறுத்திச் சரிபார்ப்பார்கள். ரயிலைப் பொறுத்தவரை, பல மொழிப்பள்ளிகளின் மாணவர்களுக்கு மாணவர் சலுகைப் பயணச்சீட்டு கிடைப்பதில்லை என்பதை முகவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

வாடகை, கூலி இரண்டையும்விட எந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். என்4 நிலையில் எளிதில் கிடைப்பது இரவு நேர மதிய உணவுப் பெட்டித் தொழிற்சாலை வேலை. இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை கூலி 25 விழுக்காடு கூடும் என்பதால் பலர் அதில் விழுகிறார்கள். கன்வேயர் பட்டை நகர நகரச் சோற்றின் மேல் ஊறுகாய் வைக்கும் அந்த வேலையில் ஒரு சொல் கூடப் பேச வேண்டியதில்லை. காலையில் வகுப்பில் தூக்கம்தான் வரும். வருகைப்பதிவு 80 விழுக்காட்டை நெருங்கி இறங்கினால் வகுப்பாசிரியர் அழைத்துப் பேசுவார், விசா நீட்டிப்பின்போது அதற்கு விளக்கம் கேட்கப்படும். சிறு உணவகத்திலோ, கொன்பினி எனப்படும் 24 மணி நேரச் சிறு கடையிலோ முதல் மாதம் முழுவதும் திட்டு வாங்கினாலும், மரியாதை வழக்கு நாவில் ஏறிவிடும். அதை எந்த வகுப்பும் அந்த வேகத்தில் சொல்லித் தராது.

வாக்கிய அமைப்பு நமக்கு இயல்பாக வரும். வினை கடைசியில் நிற்பதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழருக்குப் புதிதல்ல. கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளில்தான் அடி விழும். வகுப்பில் சீன மாணவர்கள் பலகையை ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள், நாம் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருப்போம். புறப்படுவதற்கு முன்பே சில நூறு எழுத்துகளையாவது படித்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மேலும் இரண்டு ஐயங்கள். கூலியை ரொக்கமாகக் கொடுக்கும் இடத்தில் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் யாருக்கும் தெரியாது என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? மொழிப்பள்ளி முடித்ததும் தொழிற்கல்லூரியிலும் கட்டாயம் சேர வேண்டும் என்று முகவர் சொல்கிறார், அது அவசியமா?

கீழைக்காற்று:

முதல் ஐயத்துக்கு: அந்த யோசனையைக் கைவிடுங்கள். விசாவை நீட்டிக்கும்போதும் வேலை விசாவுக்கு மாறும்போதும் நகராட்சி தரும் வரிச் சான்றிதழைக் கேட்பார்கள். 28 மணி நேரத்தில் ஈட்ட முடியாத தொகை அதில் இருந்தால் உடனே கண்ணில் படும். கணக்கில் காட்டாமல் ரொக்கம் தரும் முதலாளி பிடிபட்டால், கூடவே நீங்களும் பிடிபடுவீர்கள். பச்சிங்கோ என்னும் சூதாட்டப் பொறிகள் உள்ள கூடம், கேளிக்கை விடுதி போன்ற இடங்களில் பாத்திரம் கழுவுவதற்குக்கூட மாணவருக்கு அனுமதி இல்லை.

இரண்டாவதற்கு: அவசியமில்லை. பட்டம் பெற்றவர் என்பதால், படிப்போடு தொடர்புடைய அலுவலக வேலை கிடைத்தால் மொழிப்பள்ளியிலிருந்தே நேராக வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்லூரியில் சேர்த்துவிட்டால் முகவருக்கு இன்னொரு தரகு கிடைக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வணிகவியல் படித்தவருக்கு என்2 இருந்தால்தான் நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைக்கும். அந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஏப்ரலில் சேர்பவர் இரண்டு ஆண்டு தங்கலாம், அக்டோபரில் சேர்பவருக்கு ஒன்றரை ஆண்டுதான். ஆகவே ஏப்ரல் பருவத்தைத் தேர்ந்தெடுத்தது நல்லது. பணம் போதவில்லை என்றால் அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். அடுத்த ஏப்ரல் வரை ஊரிலேயே சம்பாதித்துச் சேர்த்துக்கொண்டு, என்3 தேறிய பின் வாருங்கள்.