காலிக் கோட்டை மதில்மேல் அம்மாயி நடக்க முடியுமா?

குழு: அம்மாயி வீடு, சேலம்

சுமதி சித்தி: கயல், நீயும் மாப்பிள்ளையும் இலங்கையிலிருந்து திரும்பிவிட்டதாக அக்கா சொன்னாள். பள்ளி விடுமுறையில் நாங்களும் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே தெற்குக் கடற்கரையில் இருக்கும் காலி (Galle) நகரத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். 72 வயதில் அம்மாவால் அந்தக் கோட்டை மதில்மேல் நடக்க முடியுமா? சங்ககிரி மலைக்கோட்டையில் பாதி தூரம்கூட ஏறுவதற்குள் மூட்டு வலி தாங்காமல் அவர் உட்கார்ந்துவிட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கயல்விழி: தாராளமாக நடக்கலாம், சித்தி. சங்ககிரியைப் போல அது மலையேறிப் பார்க்கும் கோட்டை இல்லை. கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலத்துண்டைச் சுற்றி எழுப்பிய மதில் அது. பல இடங்களில் அதன் மேற்புறம் அகலமாக, புல் முளைத்து, நம் ஏரிக்கரையில் நடப்பது போலவே இருக்கிறது. ஆனால் கடல் பக்கம் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது என்பதால் அம்மாயியை உள்பக்கமாகவே நடத்திச் செல்லுங்கள்.

பெரியப்பா (ஏற்காடு): போர்ச்சுக்கீசியர் கட்டியிருந்த சிறிய அரணை 1640-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, படிப்படியாகப் பெருக்கியதுதான் இன்று நாம் பார்க்கும் கோட்டை. மூன்று பக்கம் கடலும் பாறையும் காவலாக இருந்ததால், எதிரி தரைவழியாக வரக்கூடிய வடக்குப் பக்கத்தில்தான் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட மூன்று பெரிய கொத்தளங்களை எழுப்பினார்கள். கயல், பழைய வாசலைப் பார்த்தாயா?

கயல்விழி: பார்த்தோம், பெரியப்பா. வெளியிலிருந்து வந்தால் தலைக்குமேல் ஆங்கிலேய அரசின் சின்னம் தெரிகிறது. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகள், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. 1796-இல் ஆட்சி கைமாறியபோது ஆங்கிலேயர் பழைய சின்னத்தை உடைக்காமல் விட்டதை நினைத்து எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது. அந்த வாசலருகே காரை உதிர்ந்த ஓரிடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கருங்கல்லுக்கு நடுவே பவளக்கல்லும் இருக்கிறது. தேனடையைப் போல நுண்ணிய துளைகளும், பூவிதழ் விரிந்தது போன்ற கோடுகளும் விரலில் தட்டுப்பட்டன. கடலைத் தடுக்க நிற்கும் மதிலைக் கடலில் விளைந்த கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள்.

செந்தில்: அக்கா, சுனாமி வந்தபோது அந்தக் கோட்டைக்கு என்ன ஆயிற்று?

கயல்விழி: 2004 டிசம்பர் 26 அன்று மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் பெரும் அழிவுக்கு உள்ளாயின, தம்பி. மதிலுக்கு உள்ளே இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, சத்தம் கேட்டு மதிலேறிப் பார்த்தபோது ஊர்ப்பக்கம் முழுவதும் தண்ணீராக இருந்தது என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அது பாழடைந்து கிடக்கும் கோட்டை இல்லை, சித்தி. பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த விகாரையும் கடைவீதியுமாக இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர். 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அப்படியேதான்.

பெரியப்பா (ஏற்காடு): நான் முக்கியமாகக் கேட்க நினைத்தது தமிழ் எழுத்துள்ள அந்தக் கல்லைப் பற்றி.

கயல்விழி: அதில்தான் எங்களுக்கு அரை நாள் வீணாகிவிட்டது, பெரியப்பா. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக வண்டி ஓட்டியவர் சொன்னதை நம்பி, உச்சி வெயிலில் மதிலோரம் முழுவதும் தேடினோம். மூலக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 என்ற ஆண்டுக்குரிய அந்தக் கல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது. 1911-இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தபோதுதான் கண்டெடுத்தார்கள். தலைப்பில் இரண்டு சீன டிராகன்கள் எதிரெதிராக வளைந்திருக்கின்றன. ஒரே கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தக் கடற்கரைக்கு வந்த சீனர்கள் அங்கே தமிழிலும் எழுதியாக வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள் என்பதை நினைத்தபடி அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

சுமதி சித்தி: அப்படியானால் முதல் நாள் கொழும்பில் தங்கி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் கடலோர ரயிலில் காலிக்குப் போகிறோம்.

கயல்விழி: அதுதான் சரி, சித்தி. நிலையப் பலகையில் தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, மாலை நான்கரை மணிக்கு மணிக்கூண்டுப் பக்கம் ஏறி, மேற்கு மதில் வழியாகத் தென்முனையில் இருக்கும் கொடிப்பாறை வரை மெதுவாக நடந்தால், சூரியன் கடலில் இறங்குவதை அம்மாயி உட்கார்ந்தே பார்க்கலாம். குடையும் தண்ணீரும் மட்டும் மறக்க வேண்டாம்.

பெரியப்பா (ஏற்காடு): சுமதி, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடு. அந்தத் தமிழ் வரிகளை அத்தைக்கு நானே படித்துக் காட்டுகிறேன். முந்தின நாளே மலையிலிருந்து இறங்கி அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

சுமதி சித்தி: சரிங்க மாமா. அம்மா இப்போதே பழைய செருப்பை மாற்ற வேண்டும் என்கிறார். நாளைக்கே கடைவீதிக்கு அழைத்துப் போகிறேன்.