அப்பாவின் துப்பாக்கி பிள்ளை கைக்கு எப்படிப் போனது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

காட்டுத்தடம்:
எங்கள் வீட்டில் தாத்தா முழு வேட்டைக்காரர். அப்பா பாதி வேட்டை, பாதி சுடுதளம். நான் சுடுதளத்தோடு சரி. இப்போது மகள் வந்து நிற்கிறாள், "எனக்கு எப்பப்பா?" என்று. எந்த வயதில் எதைத் தொடலாம், எதை வேட்டையாடலாம், கூடவே கூடாதா என்பதை அந்தந்த இடத்துச் சட்டம் சொல்லும்; அந்த விவாதம் இங்கே வேண்டாம். உங்களுக்கு வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தார்கள், நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். தாத்தா அப்பாவை ஒரு பருவம் முழுக்க வெறுந்துப்பாக்கியோடு நடக்கவிட்டார். தோட்டா எல்லாம் தாத்தாவின் பையில். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமலே "குழல் எங்கடா பாக்குது?" என்பாராம். ஒரு தடவை ஆள் பக்கம் திரும்பியிருந்தால் போதும், மறுநாள் அப்பா கையில் கம்புதான். வேலி தாண்டும்போது அந்த வெறுந்துப்பாக்கியையும் திறந்து காட்டி, கீழே வைத்துவிட்டு, ஆள் தாண்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். "அதான் தோட்டா இல்லையே" என்று அப்பா ஒருமுறை சொன்னதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகள் பல சுடுதளங்களில் ஒட்டியிருக்கும். எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே நினை. சுடக் கூடாததன் பக்கம் குழலைத் திருப்பாதே. குறி சேரும்வரை ட்ரிகரில் விரல் வேண்டாம். எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்து சுடு. முதன்முதலாக அதைப் படித்தபோது எனக்குத் தாத்தா குரல்தான் கேட்டது. அவர் அந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

பழையபன்னிரண்டு:
எல்லாரும் பிள்ளையைப் பற்றி எழுதுவீர்கள். நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பரம்பரைச் சொத்து என்று கைக்கு வருவது அதுதான்.

அப்பாவுக்குப் பிறகு அவருடைய பன்னிரண்டு போர் (bore, குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) இரட்டைக்குழல் என்னிடம் வந்தது. அது அப்பாவுக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததால் புத்தம் புதிதாகத் தெரியும். என் மகன் அதில்தான் முதல் தோட்டா சுட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. சுடுவதற்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். குழலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேலே மெல்லிய வரிவரியாக ஓடியது. "டமாஸ்கஸ் குழல் தம்பி. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுத்தி அடிச்சது. கருமருந்துக் காலத்துச் சாமான்" என்றார். இப்போதைய புகையில்லா வெடிமருந்து தரும் அழுத்தத்துக்கென்று செய்ததல்ல. அதற்கான சோதனை முத்திரையும் குழலில் இல்லை.

அத்தோடு விடவில்லை. தோட்டா உட்காரும் அறையை அளந்தார், 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைப்பது 70. "ஆனா 70 உள்ள போகுதே?" என்று கேட்டேன். அங்கேதான் வினை. தோட்டாவில் அச்சிட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிந்திருப்பதால் குட்டை அறைக்குள் சமத்தாக உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் முன்னால் இருக்கும் குறுகலில் போய் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். "சுவத்துல மாட்டுங்க, கதை சொல்லுங்க. புள்ளைக்கு வேற வாங்குங்க" என்று முடித்துவிட்டார்.

மகனுக்கு இருபது போர் வாங்கினேன். உதைப்பு குறைவு, எடை குறைவு. ஆனால் வீட்டில் பன்னிரண்டும் இருபதும் சேர்ந்து இருந்தால் வரும் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால், குழலைத் தாங்கும் கைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். இருபது போர் தோட்டாவை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பை. ஒருவர் பைக்குள் மற்றவர் கைவிடக் கூடாது, நான் உட்பட.

இடதுகண்:
எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா. வேட்டைக்குப் போகும் ஆண்கள் யாரும் கவனிக்காததை அவர்தான் கவனித்தார். கையை நீட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்து மரத்தை அதன் வழியே பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினால் மரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடினால் காணோம். ஆக, வலது கைக்காரிக்கு இடது கண் ஆட்சி. அதுவரை "இவளுக்குக் குறியே வராது" என்று வீட்டில் தீர்ப்பே எழுதியிருந்தார்கள். இடது தோளுக்கு மாற்றினார் பெரியம்மா. கொஞ்ச நாள் எல்லாமே கோணலாக இருந்தது. அப்புறம் அண்ணன்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் :)

காட்டுத்தடம், முதலில் மகளின் கண்ணைப் பாருங்கள். துப்பாக்கி அப்புறம்.

ஈரமண்:
கொஞ்சம் வேறு மாதிரியான அனுபவம். மாமா என்னை முதலில் சுடவே விடவில்லை, தேடத்தான் விட்டார். மான் அடிபட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடக் கூடாது. அரை மணி நேரமாவது உட்காரணும். பிறகு ரத்தத்தைப் படிக்கணும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்தில்தான் விழுந்திருக்கும். கறுத்து, இரைப்பைச் சக்கை கலந்து நாற்றமடித்தால் வயிறு; பல மணி நேரம் விட்டுவிட்டுத்தான் போகணும், அவசரப்பட்டால் எழுப்பிவிட்டுத் தொலைத்துவிடுவோம். மோசமாகச் சுட்டால் ஒரு உயிர் எவ்வளவு நேரம் கிடந்து தவிக்கும் என்று துப்பாக்கி கைக்கு வரும் முன்பே தெரிந்துகொண்டேன்.

என் மகனை அதே வழியில் கொண்டுவந்தேன். தேடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். அவன் முறை வந்தது. நல்ல தூரம், பக்கவாட்டில் நிற்கிறது, தோளுக்குப் பின்னால் தெளிவான இடம். பார்த்துக்கொண்டே இருந்தான். சேஃப்டியைத் திரும்பப் போட்டு, தோட்டாவை எடுத்து என் கையில் கொடுத்தான். "வேணாம்பா." நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்றும் எங்களோடு வருகிறான், தடம் பார்க்கிறான், சுமக்கிறான். சுடுவதில்லை.

பழையபன்னிரண்டு:
தப்பாக நினைக்காதீர்கள். ஒரு தடவையாவது சுட வைத்திருக்கலாமே? இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா?

ஈரமண்:
உரிப்பது, வெட்டுவது எல்லாம் அவன்தான். உங்களைவிட நன்றாகவே தெரியும் அவனுக்கு. "சுடாதே" என்றால் கேட்கணும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவனாகச் சுடாமல் இருந்தால் குறையா?

அறுபதுகுண்டு:
இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பழைய கதை. ஸ்வீடனில் ஆஸ்கர் ஸ்வான், அவர் மகன் ஆல்ஃப்ரெட் ஸ்வான். 1908, 1912 ஒலிம்பிக்கில் ஒரே அணியில் தங்கம். 1920இல் ஆஸ்கருக்கு 72 வயது, மறுபடி மகனோடு சேர்ந்து வெள்ளி. அந்தக் காலத்துக் கலைப் போட்டிகளை விட்டுவிட்டால், ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய மிக வயதான ஆள் இன்றுவரை அவர்தான். போட்டியின் பெயர் "ஓடும் மான்". குறுக்கே ஓடும் மான் உருவத்தைச் சுட வேண்டும். வேட்டையின் கை அத்தனையும் அதில் இருக்கிறது, உயிர் மட்டும் போகவில்லை.

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 60 குண்டு, 75 நிமிடம். என் அப்பா சிறுவயதில் என்னை மரத்தடியில் அசையாமல் உட்காரவைத்து, என்னென்ன சத்தம் கேட்டது என்று அப்புறம் கேட்பார். அதையே அவளிடம் செய்தேன். பயிற்சியாளர், "இந்தப் பொண்ணுக்கு அவசரமே இல்லையே, எங்க பழகுச்சு?" என்று கேட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

தொடக்கத்துக்கு ஏர்கன் வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். குழலை மடித்து நிரப்பும் வகையில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடும்போது மறு கை குழலை விடவே கூடாது. ட்ரிகர் தவறி விழுந்தால் குழல் அடித்து மூடும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. ஈயம் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

காட்டுத்தடம்:
மகளுக்குக் கண் பார்த்தாயிற்று, வலதுதான். ஒரு சந்தேகம். அப்பாவின் .22 ரைபிள் இருக்கிறது. அந்தக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகும் என்பதால் பின்னால் மண்மேடு உள்ள சுடுதளத்தில் மட்டும்தான். பிரச்சினை அதில்லை. கட்டை (தோளில் ஊன்றும் பின்பகுதி) நீளம், தோளில் வைத்தால் பின்னால் சாய்ந்து வளைகிறாள். அறுத்துவிடலாமா?

இடதுகண்:
அப்பாவின் கட்டையை அறுக்காதீர்கள்! அதே துப்பாக்கிக்குச் சிறுவர் அளவுக் கட்டை தனியாகக் கிடைக்கிறதா பாருங்கள். பின்னால் தகடு சேர்த்து நீட்டிக்கொள்ளும் வகை என்றால் வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பழையதைத் துணி சுற்றி எடுத்து வையுங்கள், தோள் அகன்றதும் மாட்டிக்கொள்வாள். அளவு எடுக்கும்போது சுடுதளத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தடிச் சட்டையோடு எடுங்கள், வீட்டுச் சட்டையில் எடுத்தால் மறுபடி நீளமாகிவிடும்.